அத்தா சொன்னா வா

டிகிரி முடித்துவிட்டுக் கலீம் வேலைக்கு அலைந்துகொண்டிருந்தான். அன்று பாங்காக்கிலிருந்து வீடியோ காலில் வந்தான் கூடப் படித்த இம்தியாஸ்.

"எங்க ஸ்டார்ட்அப்ல ஆள் எடுக்குறாங்கடா. இன்டர்வியூ கிடையாது. டிக்கெட்டும் கம்பெனியே போடும்."

"எனக்குக் கோடிங்கே தகராறுடா!"

"சொல்லித் தருவாங்க. இவர்தான் மேனேஜர். தமிழ்க்காரர்."

பின்னால் நின்றவர் கையசைத்தார்.

"சரி, இப்பவே வரேன்னு சொல்லிடவா?"

"அவசரப்படாதே. காந்தி மார்க்கெட் வெங்காயக் கடைல எங்க அத்தா இருப்பாரு. அவரைப் போய்ப் பாரு. நான் இங்க எப்படி இருக்கேன்னு அவருக்குத் தெரியும். அவர் போகச் சொன்னா வா."

கலீம் திரையில் இம்தியாஸின் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு சிரித்தான். "அத்தாகிட்ட கேட்டுட்டே சொல்றேன்டா."

பேசி முடித்ததும் அம்மா மஜீதா ஆசையோடு வந்தாள். "டிக்கெட் எப்பவாம்?"

"புர்காவைப் போடுங்கம்மா. இம்தியாஸோட அம்மாவையும் கூட்டிக்கிட்டு போலீஸுக்குப் போகணும்."

"எதுக்குடா?"

"அவனை அடைச்சு வச்சிருக்காங்க. வெளிப்படையா சொல்ல முடியாம, அத்தாவைக் கேட்டுட்டு வாடாங்குறான்."

மஜீதா புர்காவை எடுக்க உள்ளே ஓடினாள். இம்தியாஸின் அத்தாவைப் போன ரம்ஜான் மாதத்தில்தான் அடக்கம் செய்தார்கள். கபர்ஸ்தான் வரை மகன் இம்தியாஸோடு சேர்ந்து தோள் கொடுத்தவன் கலீம்.