பொடிப்பல்லியின் பல்வரிசை

ரம்பத்துக்கும் பல்வரிசைக் கர்வம் உண்டு, தெரியுமா உங்களுக்கு?

அருமைநாதன் வீட்டு மரப்பட்டறைக்கு, மெஷினில் மாட்டுகிற ரம்பப் பட்டை ஒன்று புதிதாக வந்தது. பெயர் பொடிப்பல்லி. "பல்லு எவ்வளவு நெருக்கமா இருக்கு! வெண்ணெய் மாதிரி அறுக்கும்" என்று அவர் ஆசையாக வாங்கியவள். ஆணியில் தொங்கிய பழைய பட்டை ஓட்டைப்பல்லியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்க்கா, பாதிப் பல்லை எந்த மரத்துல விட்டுட்டு வந்தே?"

"பொறந்ததே இப்படித்தான்டி. தடிமரம்னா தூள் வெளியே போக சந்து வேணாமா?"

"நல்லாத்தான் சமாளிக்கிறே!"

மறுநாள், மகள் பிள்ளைக்குத் தொட்டில் செய்ய வைத்திருந்த தடித்த பலாக்கட்டையை அருமைநாதன் மெஷினில் கொடுத்தார். பொடிப்பல்லி இளித்துக்கொண்டே இறங்கினாள். நாலு விரல்கடை போவதற்குள் பல்லிடுக்கெல்லாம் தூள் அடைத்துக்கொண்டது. கட்டை புகைந்தது. அவளும் கருகினாள்.

"சனியனே, உன்னைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்று அவளைக் கழற்றி மூலையில் எறிந்தார். ஓட்டைப்பல்லியை மாட்டியதும் கட்டை விறுவிறுவென்று பிளந்தது.

தெருமுனையில் பழைய இரும்புக்காரர் குரல் கேட்டது. பொடிப்பல்லி பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

"அக்கா, அக்கா! அந்த ஆளு உள்ளே வர்றதுக்குள்ள எனக்கும் ஒண்ணுவிட்டு ஒண்ணு பல்லைப் பிடுங்கி விட்டுடேன்!"