ஞாயிற்றுக்கிழமை ஸ்னாப்ஷாட்

"நீங்க சொன்னதை எல்லாம் அழிச்சிடறேன், டோக். என் தங்கச்சி மேல இருக்கிற கேஸை மட்டும் வாபஸ் வாங்கிடுங்க."

மருத்துவமனைக் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் விடூரி, டாக்டரை 'டோக்' என்று பணிவாக அழைத்தபடி சர்வர் அறை வாசலில் தலைகுனிந்து நின்ற விதம் டாக்டர் ஹெர்மான்தோவுக்கு வயிற்றில் பால் வார்த்தது. அங்கே கிடந்த இரண்டு ஜோடி கனத்த பூட்ஸைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தன் ஷூவைக் கழற்றி வைத்தார்.

அவர் எழுதிக்கொடுத்த தவறான ஊசி மருந்தில் ஒரு நோயாளி இறந்துபோனாள். மறுநாளே கம்ப்யூட்டரில் மருந்தின் பெயரை மாற்றிவிட்டு, ஊசி போட்ட நர்ஸ் ரெத்னோ மீது போலீசில் புகார் கொடுத்தார் அந்தப் புண்ணியவான். ரெத்னோ, விடூரியின் தங்கை.

செமாரங் நகரிலேயே பெரிய அந்த மருத்துவமனையின் தகவல் முழுவதையும் சேமித்து வைக்கும் ஸ்டோரேஜ், அதை இரவுதோறும் அப்படியே 'ஸ்னாப்ஷாட்'டாகப் படம்பிடித்து வைக்கிறது என்பது பாவம், அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

விடூரி கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினாள். "சனிக்கிழமை ஸ்னாப்ஷாட் போயிடுச்சு."

"உனக்கிருக்கிற புத்தி உன் தங்கச்சிக்கு இல்லை. பேசாம பழியை ஏத்துக்கிட்டிருந்தா வேலையோட போயிருக்கும். ம், ஞாயித்துக்கிழமையையும் அழி."

"எதுக்குன்னு தெளிவா சொல்லிடுங்க, டோக். மாத்தி அழிச்சிட்டா எனக்குத்தான் வம்பு."

"நான் முதல்ல எழுதின மருந்து பேரு அதுலயும் இருக்கு. திங்கக்கிழமைதான் மாத்தினேன். போதுமா?"

"போதும், டோக்."

என்டர் தட்டினாள். திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது.

"என்னாச்சு?"

"அழிய மாட்டேங்குது. இதுலேர்ந்து நகல் எடுத்து யாராவது திறந்து வச்சிருந்தா, ஸ்டோரேஜ் அழிக்க விடாது."

"என்னைக் கேக்காம யாரு திறந்தது? வரச் சொல்லு அவனை. இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன்."

விடூரி நாற்காலியைத் திருப்பி, முதல் முறையாக அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். பாதி திறந்திருந்த பக்கத்து அறைக் கதவுக்குப் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

"போலீஸ், டோக். நீங்க காலால தள்ளினது அவங்க பூட்ஸைத்தான்."