கேப்டன் மங்கைக்கு ஒரு நட்சத்திரம்

செவ்வாய்க் கிரகத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை நாவலாக்கியிருந்தார்கள். வாங்கியவர் கருத்து எழுதினால், அவர் வீட்டுப் பிரதிகள் அதற்கேற்பத் தம்மைத் திருத்திக்கொள்ளும். கோமதிநாயகம் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, ‘கேப்டன் மங்கை ஓயாமல் பேசுகிறாள், சரியான அறுவை’ என்று எழுதினார்.

எதிரே அதே நாவலில் மூழ்கியிருந்த மனைவி வடிவு அலறினாள். “ஏங்க, மங்கை திடீர்னு ஊமையாயிட்டா! என்ன எழுதித் தொலைச்சீங்க?”

“உண்மையைத்தான் எழுதினேன்,” என்றார் பெருமையாக.

அன்றோடு வடிவு அவரிடம் பேச்சை நிறுத்தினாள். மூன்று நாள் அந்த வீட்டில் சத்தம் போட்டது குக்கர் மட்டும்தான். நான்காம் நாள் தாங்க முடியாமல் ஐந்து நட்சத்திரம் போட்டு, ‘மங்கை எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும்’ என்று எழுதினார்.

வடிவின் முகம் மலர்ந்தது. “ஏங்க, மங்கை என்ன சொல்றா கேளுங்க!” என்று உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

நாற்பத்திரண்டு அத்தியாயத்துக்கும் அவர் ‘ம்’ கொட்டினார்.