மறைத்து வைத்த அடி

நாஹா நகரப் பயிற்சிக்கூடத்தில் கராத்தே ஆசான் கிஷாபா, அன்று கட்டா என்னும் அடிவரிசையைச் செய்துகாட்டும்போது நடுவில் இடது கையைத் தொங்கவிட்டார். மூத்த மாணவன் ஷிமோஜிக்குப் புல்லரித்தது.

"இத்தனை நாள் மறைச்சு வெச்ச அடியை இன்னைக்குத்தான் காட்டுறாரு!"

"எதுக்குன்னு கேட்கலாமாண்ணே?" என்றான் பக்கத்தில் நின்ற இளைய மாணவன்.

"வாயை மூடு. அவர் செஞ்சா செய்யணும், கேட்கக் கூடாது."

மாணவர் வரிசை முழுவதும் இடது கையைத் தொங்கவிட்டது. ஆசான் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே உட்கார்ந்தார்.

"நம்மளைப் பாத்து அவருக்கே பேச்சு வரலடா" என்று ஷிமோஜி பூரித்தான்.

டீயோடு வந்த ஆசானின் மகள், நர்ஸ் இகுயே, வரிசையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "என்ன, எல்லாருக்கும் ஒண்ணா பக்கவாதமா?"

உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்பா, ரெண்டு கையையும் தூக்குங்க."

அவர் வலது கையை மட்டும் தூக்கினார்.

மாணவர்களும் மறுபேச்சில்லாமல் வலது கையை மட்டும் தூக்கினார்கள்.

"ஐயோ, போதும்! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

தூக்கிய கையை இறக்க ஷிமோஜிக்குத் தோன்றவே இல்லை.