மோட்டார் அறையின் குழிகள்

நூறு ஏக்கருக்குச் சொந்தக்காரரான முதலாளிக்கு அந்தக் குழிகளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் கிழவர் தினமும் மோட்டார் போடுமுன் மண்டியிட்டு வேண்டி வேண்டி, மோட்டார் அறைத் தரையில் இரண்டு முழங்கால் குழிகள் விழுந்திருந்தன.

"கும்பிடுறதெல்லாம் வீட்டோட வச்சுக்க. இங்க வேலையைப் பாரு" என்று எத்தனையோ முறை கடிந்திருக்கிறார். கிழவர் தலையாட்டிவிட்டு, மறுநாள் கால் மணி நேரம் முன்னதாக வருவார்.

கிழவர் இறந்த வாரமே முதலாளி தரைக்குப் புது சிமெண்ட் பூசச் சொன்னார். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். காலையில் திறந்தால், அதே இடத்தில் அதே குழிகள். கொத்தனாரைத் திட்டி மறுபடி பூச வைத்தார், பூட்டினார். மாலையில், மனசு கேட்காமல் கிழவரின் மனைவியைப் பார்க்கப் போனார்.

"தினமும் அப்படி என்னதாம்மா வேண்டுவாரு?"

"உங்க பொண்ணுக்காகத்தாங்க. போன எடத்துல புள்ள தனியா பயந்துக்கக் கூடாதுன்னு. எங்களுக்குன்னு ஒண்ணும் கேட்டதில்லைங்க."

மகள் ஏழு வயதில் காய்ச்சலில் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவள் பேரையே வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தவர் அவர்.

மறுநாள் காலை பூட்டைத் திறந்தார். குழிகள் அங்கேயே இருந்தன. அவற்றை ஒட்டினாற்போல், இன்னும் இரண்டு சின்னக் குழிகள்.

முதலாளி செருப்பை வாசலிலேயே கழற்றினார். உள்ளே போகாமல், அங்கேயே மண்டியிட்டார்.