ஷுவோ தொடாத இறைச்சி

பட்டுத் திரையைத் தாண்டி வரும் மதிய வெயில் வெண்கலக் கிண்ணங்களின் விளிம்பில் பளபளக்கிறது. உள்ளறையில் பிரபு இறந்து மூன்று நாளாகிறது. அது அவர் மனைவி ஷியூனுக்கும், மகன் போலினுக்கும், வைத்தியனுக்கும் மட்டுமே தெரியும். போலினுக்குப் பட்டம் உறுதியாகும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது. அதற்காகவே அடுப்பில் இன்னும் கஷாயம் கொதிக்கிறது. எதிரே, எல்லையிலிருந்து வந்திருக்கும் சக்களத்தி மகன் ஷுவோ. அவன் பின்னால் ஆறு தளபதிகள். அவர்கள் யார் பக்கம் நிற்கிறார்களோ, நாடு அவனுக்கே. ஷியூன் தன் கையாலேயே பன்றி இறைச்சியை எடுத்து ஷுவோவின் கிண்ணத்தில் வைக்கிறாள். “சாப்பிடுப்பா. அப்பா இப்பதான் கண்ணசந்தார்.” “தூங்கட்டும் பெரியம்மா. எழுப்ப வேண்டாம்.” அவன் கையிலிருக்கும் சாப்பாட்டுக் குச்சிகள் இறைச்சியை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தினைச்சோற்றை மட்டும் எடுக்கின்றன.

ஷியூன் அந்த ஒதுக்கிய இறைச்சியைப் பார்க்கிறாள். தகப்பனைப் பறிகொடுத்த மகன் துக்கம் முடியும்வரை இறைச்சி தொடமாட்டான். இவனுக்கு யார் சொன்னது? “ஏன்டா, எங்க வீட்டுக் கறி உனக்கு இறங்கலையா?” போலின் சிரித்துக்கொண்டே மூன்றாவது துண்டை வாயில் போடுகிறான். யாருக்கும் சந்தேகம் வராதபடி நன்றாகச் சாப்பிடு என்று காலையில் அவள்தான் படித்துப் படித்துச் சொன்னாள். “நீங்க சாப்பிடுங்கண்ணே” என்கிறான் ஷுவோ, மெதுவாக. அவள் தளபதிகளைப் பார்க்கிறாள். ஆறு கிண்ணங்களிலும் இறைச்சி வைத்தது வைத்தபடி ஆறிக்கிடக்கிறது. ஆறு பேரும் போலினின் உதட்டில் மின்னும் கொழுப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.