வலப்பக்கத்துத் தழும்பு

ஜூனோவின் மூச்சுக்கு விலை நாலாயிரத்து இருநூறு டாலர் என்று கால்நடை டாக்டர் மார்லிஸ் சொன்னபோது, விஸ்கான்சினில் பழைய டிராக்டர் வாங்கி விற்கும் ஆர்வினுக்கே மூச்சு அடைத்தது.

"அந்த விலைக்கு ஓடுற டிராக்டரே தருவேன், டாக்டர்."

"டிராக்டர் உங்க காலடியில வந்து படுத்துக்குமா?"

பேரம் அத்தோடு படிந்தது. ஜூனோ பதிமூன்று வயது லாப்ரடார் நாய். அதன் குரல்வளையின் இரண்டு கதவுகளும் செயலிழந்து, மூச்சிழுத்தால் திறக்கவில்லை. நாலடி நடந்தாலே ரம்பம் அறுக்கிற சத்தம். டாக்டர் கழுத்தின் இடப்பக்கம் கீறி, அந்தப் பக்கத்துக் கதவை மட்டும் திறந்தபடி இழுத்துக் கட்டினார். இரண்டையும் கட்டினால் தீனி நுரையீரலுக்குள் போய்விடும் என்று எப்போதும் ஒரு பக்கம்தான் கட்டுவார்.

ஆறு மாதம் ஜூனோ நிம்மதியாகத் தூங்கியது.

அக்டோபரில் பரிசோதனைக்கு வந்தபோது, மயக்க மருந்து கொடுத்துத் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. அவர் கட்டிய இடக்கதவு தளர்ந்து மூடிக் கிடந்தது. வலக்கதவு திறந்து நின்றது. கழுத்தின் வலப்பக்க முடியை மழித்தார். ஆறிப்போன தழும்பு, ஏழு தையல் தடம்.

"வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"வீட்டை விட்டே நகரலையே, டாக்டர்!"

டாக்டர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆர்வின் தொடவில்லை.

"நாய் மூச்சு விடுது. வேலை செஞ்சவங்க வந்தா கொடுங்க."

டாக்டர் ஏட்டில் எழுதினார்: இடப்பக்கம், செய்தது மார்லிஸ், நிற்கவில்லை. வலப்பக்கம், செய்தவர் பெயர் இல்லை, நிற்கிறது. கொடுக்கவேண்டிய பாக்கி, நாலாயிரத்து இருநூறு டாலர்.